தோட்டக் குட்டை நீரை வகுப்பில் நுண்ணோக்கி வழியாகப் பார்க்க

ஆறாம் ஆண்டு அறிவியலில் நுண்ணுயிர் பாடம் வந்ததும் குட்டையில் ஒரு போத்தல் தெளிந்த நீரை அள்ளி வருவார்கள். நுண்ணோக்கியில் வைத்தால் "ஒன்னுமே இல்லையே டீச்சர்" என்பார்கள் பிள்ளைகள். தெளிந்த நீரில் உயிர்கள் குறைவு. அவை மொய்த்துக் கிடப்பது மிதக்கும் செடிகளின் வேரிலும், ஊறிய இலை குச்சிகளின் வழுவழுப்பிலும், சேற்றின் மேல் படியும் பழுப்புப் படலத்திலும்தான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் நீருக்குப் பஞ்சமில்லை, எந்த நீர் என்பதில்தான் கவனம் வேண்டும். செம்பனைக் காட்டு வாய்க்கால் என்றால், களைக்கொல்லி அடித்து எத்தனை நாளாயிற்று என்று தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேளுங்கள். அண்மையில் அடித்திருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆலைக் கழிவுக் குளம் அறவே கூடாது. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் கரை சட்டென்று ஆழமாகும், மாணவர்களை அங்கே அழைத்துப் போகவே கூடாது. கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போட்ட தொட்டி நீரில் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு பிழைக்காது. ஆகாயத்தாமரை மிதக்கும், மீன் அதிகமில்லாத சிறு குட்டையே நல்லது. எலி நடமாடும் இடத்து நீரில் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் கிருமி இருக்கலாம். அதனால் பெரியவர் ஒருவரே பூட்ஸும் கையுறையும் போட்டு அள்ளட்டும். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் இறங்க வேண்டாம்.

ஒரு செடியை வேரோடு எடுத்து, பிளாஸ்டிக் பையில் ஒரு கோப்பைக் குட்டை நீருடன் போட்டு நன்றாகக் குலுக்கி, வேரைப் பிழியுங்கள். வடியும் கலங்கல்தான் நமக்கு வேண்டியது. சேற்றுப் படலத்தைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி வேறு போத்தலில் விடுங்கள். போத்தலை முக்கால் அளவு மட்டும் நிரப்புங்கள், காற்று வேண்டும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுவைத்தால் வெயிலில் எல்லாம் செத்துவிடும். அள்ளிய நாளிலோ மறுநாளோ பார்த்துவிடுவது நல்லது.

வகுப்பில் அகல வாய் ஜாடியில் ஊற்றி, நேர்வெயில் படாத சன்னலோரம் வைத்து, மெல்லிய துணியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். துணி கட்டாயம். பள்ளிக்குள் கொசுப்புழு வளர்ந்தால் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975-இன் கீழ் தண்டம் வரும். ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் பச்சை உயிர்களில் பல வெளிச்சப் பக்கம் சேரும். மேற்பரப்பு, வெளிச்சப் பக்கம், அடிப்பகுதி என மூன்று இடங்களில் எடுத்து மூன்று கண்ணாடித் தகடுகள் செய்யுங்கள்.

தகட்டில் ஒரு சிறு சொட்டு, அதில் பஞ்சிலிருந்து பிரித்த நாலைந்து இழைகள். அந்த இழைகளுக்கிடையே பரமேசியம் என்ற வேகமாக நீந்தும் ஒற்றைச் செல் உயிர் அடைபடும். இல்லாவிட்டால் கண்ணில் பட்டதும் ஓடிவிடும். மூடு கண்ணாடியைச் சாய்த்து ஒரு விளிம்பை நீரில் தொட்டு மெல்லக் கிடத்தினால் குமிழி குறையும். எந்த வகுப்பிலும் முதலில் "கண்டுபிடிக்கப்படுவது" கறுத்த தடித்த விளிம்புள்ள வட்டம்தான். அது காற்றுக் குமிழி. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது வெளிச்சத்தில். உயிர்கள் கண்ணாடிபோல ஒளி ஊடுருவுபவை. வெளிச்சத்தை முழுதாகத் திறந்தால் அவை கரைந்து போனதுபோல் தெரியும். மேடைக்கு அடியிலுள்ள ஒளித்துளையைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள், விளிம்புகள் எழும். விளக்குக்குப் பதிலாக ஒளியைத் திருப்பும் கண்ணாடி வைத்த நுண்ணோக்கியை வெயிலுக்கு நேராகத் திருப்பக்கூடாது, கண் கெடும். 4 மடங்கு வில்லையில் தொடங்கி 10, பிறகு 40. 40-க்கு மாறிய பிறகு பெரிய திருகைத் தொடக்கூடாது, வில்லை தகட்டில் இடித்து உடையும். மின்விசிறிக் காற்றில் சில நிமிடங்களிலேயே சொட்டு வற்றும். மூடு கண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி நீர் விட்டால் போதும்.

காணக் கிடைப்பவை: சுருள் பச்சை நாடா உள்ள ஸ்பைரோகைரா, சிவப்புக் கண்புள்ளி உள்ள யூக்ளினா, மெல்லச் சறுக்கும் பொன்பழுப்பு டயாட்டம். வேர்க்கலங்கலில், காம்பில் நிற்கும் மணி போன்ற வார்ட்டிசெல்லா கிடைத்தால் மேசையை லேசாகத் தட்டுங்கள். காம்பு கண்ணிமைப்பதற்குள் சுருண்டு, பிறகு நிதானமாக நிமிரும். ஒற்றைக் கண் சைக்ளோப்ஸ், இதயத் துடிப்பு வெளியே தெரியும் டாஃப்னியா ஆகியவற்றுக்கு 4 மடங்கே போதும். மூடு கண்ணாடி போட்டால் நசுங்கும், குழித் தகடு நல்லது. இவையும், வாயருகே சக்கரம் சுழல்வதுபோல் தெரியும் ரொட்டிஃபரும் பல செல் விலங்குகள். பிள்ளைகள் இவற்றைப் புரோட்டோசோவா, அதாவது ஒற்றைச் செல் உயிர், என்று எழுதுவார்கள், திருத்துங்கள்.

அளவு சொல்ல, ஒளி ஊடுருவும் அடிக்கோலை 4 மடங்கில் வைத்துப் பார்வைப் பரப்பின் அகலத்தை எண்ணுங்கள். அது 4.5 மில்லிமீட்டர் என்றால் 10 மடங்கில் 1.8, 40 மடங்கில் 0.45. பரமேசியம் ஏறக்குறைய 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருக்கும்.

பரமேசியம் சிக்கவில்லையா? காய்ந்த லாலாங் புல் ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் நீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் 50 மில்லிலிட்டர் வேர்க்கலங்கல் சேர்த்துத் துணி கட்டி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கலங்கும், அது பாக்டீரியா. அதைத் தின்று பெருகும் பரமேசியத்தை ஒரு வாரம்போல் கழித்து, மேற்படலத்துக்குச் சற்றுக் கீழே தேடுங்கள். நாறும், ஜாடியைக் கதவோரமாக வையுங்கள்.

முடிந்ததும் நீரை வாய்க்காலில் ஊற்றாமல் வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றினால் கொசுப்புழுவும் சாகும். தகடுகளை நீர்த்த குளோராக்ஸ் வெளுப்பானில் ஊறவைத்துக் கழுவுங்கள், எல்லாரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே ஓய்வு நேரத்துக்கு விடுங்கள்.