தோட்டத் திடலில் இனியெஸ்டா மாதிரி ஆளைத் தாண்டுவது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் மழைக்குப் பிறகு தோட்டத் திடல் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, அந்தச் சேற்றில் ஓடி ஜெயிக்க முடியாது, அதனால் தம்பிகளா, ஸ்பெயின் கால்பந்து வீரர் இனியெஸ்டாவைப் பாருங்கள். 12 வயதில் பார்சிலோனா கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியான லா மாசியாவுக்குப் போனவர், 2010 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் 116வது நிமிடத்தில் கோல் போட்டவர்.

சரி, ஒரு செருப்பை எதிராளியாக வையுங்கள். முட்டியை லேசாக மடக்கி, வலது காலின் உள்பக்கத்தால் பந்தை இடது காலுக்குத் தள்ளுங்கள். வந்து சேர்ந்த நொடியே இடது உள்பக்கத்தால் முன்னால் தட்டுங்கள். டக், டக், அவ்வளவுதான். நடுவில் தயங்கினால் பந்து போச்சு. முதலில் நடந்தபடி, அப்புறம் ஓடியபடி. நிஜ ஆட்டத்தில் எதிராளி காலை நீட்டும்வரை பொறுக்க வேண்டும், அதுதான் கஷ்டம். வெறுங்காலில் மட்டும் வேண்டாம், செம்பனை முள் கிடக்கும், நான் பட்டிருக்கிறேன்.