பானெட்டுக்குள் அழகு: மலைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மாருதி 800, ஜென், எஸ்டீம் என்று வாங்கி, பானெட்டைத் திறந்தாலும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் பையன்கள் இப்போது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நிறைய. நல்ல ஆசைதான். சுத்தமாக வைத்திருக்கும் எஞ்சினில் ஒரு சொட்டு ஆயில் கசிந்தாலும் அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும். பெரிய செலவும் கிடையாது. பிரஷ், உப்புத்தாள், நல்ல பெயிண்ட், கொஞ்சம் பொறுமை போதும். ஆனால் அந்த வயதில் நாங்கள் செய்த கோளாறுகளையே இவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் கை வைப்பது, சூடான எஞ்சினில் தண்ணீர் அடிப்பது போன்றவை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கலர் ரேடியேட்டர் மூடி

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். சிவப்பு, நீலம், குரோம் என்று எல்லா நிறத்திலும் கிடைக்கிறது. விலை குறைவு, மாட்டுவதற்கு ஒரு நிமிடம். அதனால்தான் எல்லோரும் முதலில் கை வைப்பதே இதில்தான். அந்த மூடி தண்ணீர் சிந்தாமல் இருக்க வைத்த வெறும் மூடி இல்லை, அது ஒரு வால்வு.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிப்பதே 90 டிகிரியைத் தாண்டிய பிறகுதான். அப்படியானால் எஞ்சினில் தண்ணீர் ஏன் கொதிப்பதில்லை? மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால். அழுத்த அளவு 0.9 என்று போட்ட மூடி ஒழுங்காக உட்கார்ந்தால், ஊட்டியிலும் வெறும் தண்ணீரே 113, 114 டிகிரி வரை கொதிக்காது. கூலண்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும். அழுத்தம் போய்விட்டால் இந்தக் காப்பு மொத்தமும் போய்விடும். கோயம்புத்தூரில் ஓட்டுகிறவருக்கு அந்தக் கோளாறு மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டாவது கியரில் ஏறும் நமக்கு முதல் நாளே தெரியும்.

கோத்தகிரித் தம்பி ஒருவன் 800-இல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கல்யாணம் முடிந்து குன்னூர் வழியாகத் திரும்பியிருக்கிறான். பர்லியார் தாண்டியதும் ஆவி வாசனை, சூடு காட்டும் முள் மேலே. ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். முள் இறங்கிவிட்டது. ஆறிவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிட்டான். உள்ளே கூலண்ட் பாதிக்கு மேல் போயிருந்தது. சென்சார் கூலண்டில் நனையாமல் வெறும் ஆவியில் நின்றால் முள் சரியாகக் காட்டாது, கீழேயே கிடக்கும். குன்னூர் வந்து சேர்ந்தபோது சைலன்சரில் வெள்ளைப் புகை. எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது.

"போன மாசம்தானுங்கண்ணா கூலண்ட் மாத்தினேன்" என்றான்.

"மூடி எப்ப மாத்தின?" என்றேன். அதுவும் போன மாதம்தான்.

பழைய மூடி டிக்கியில் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதில் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் ரப்பர் வளையம் ரேடியேட்டர் கழுத்தின் உள்விளிம்பு வரை இறங்குகிறது. புதியதில் அது அரிசிமணி அகலத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கு ஹெட் பிளேனிங், கேஸ்கெட், லேபர் என்று ஒரு மாதச் சம்பளம் போயிற்று.

நம்பர் பெரிதாக இருந்தால் நல்லது என்று 1.3 வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. தையல் விட்டுவிடும். பழைய மூடியில் என்ன நம்பரோ அதுவேதான் வாங்க வேண்டும்.

மூடியின் அடியில் நடுவே காசு போல ஒரு சின்ன வால்வு இருக்கும். நகத்தால் இழுத்து விட்டால் டக்கென்று திரும்ப வேண்டும். எஞ்சின் ஆறும்போது, வழிந்த கூலண்ட் சேரும் டப்பாவிலிருந்து அது அதன் வழியாகத்தான் திரும்பி வரும். அது சிக்கிக்கொண்டால், குளிர்ந்த காலையில் பானெட்டைத் திறக்கும்போது மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். அப்படிப் பார்த்தால் அன்றைக்கே மூடியை மாற்றிவிடுங்கள். சூட்டோடு மட்டும் திறக்க வேண்டாம், கை வெந்துவிடும்.

நிறம் வேண்டுமா? மூடியை விட்டுவிட்டு, ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் குறுக்குப் பட்டைக்கு உப்புத்தாள் போட்டுப் பெயிண்ட் அடியுங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குச் சாதாரண பெயிண்ட்

புகையும், நாறும், உரியும். 600 டிகிரி தாங்கும் பெயிண்ட் என்றால் சரி.

பளபளப்பு ஸ்ப்ரே

பெல்ட்டில் படக்கூடாது.

ஓபன் ஃபில்டர்

ஊட்டியில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏற்றத்தில் எஞ்சின் மூச்சு வாங்குவது அதனால்தான். வெளிக்காற்றைக் கொண்டு வரும் கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக்காற்றை இழுக்கும் கூம்பு ஃபில்டர் மாட்டினால் இன்னும் மெலிந்த காற்றுதான் போகும். சத்தம் கூடும், இழுவை கூடாது.

பிரஷர் வாஷ்

சமவெளியில் கழுவிவிட்டு வெயிலில் நிறுத்தினால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே ஜூலை, ஆகஸ்ட் மூடுபனியில் கனெக்டருக்குள்ளும் ஸ்பார்க் பிளக் குழிக்குள்ளும் புகுந்த தண்ணீர் மறுநாள் வரை அப்படியே நிற்கும். காலையில் 800-இன் எஞ்சின் மூன்று சிலிண்டரில் இரண்டில்தான் ஓடும். ஷாம்புத் தண்ணீரும் பெயிண்ட் பிரஷும் பழைய பனியனும் போதும். டீசலில் துடைக்க வேண்டாம், ரப்பர் ஊறிப் பருத்துவிடும்.

பானெட்டுக்கு அடியில் பஞ்சு ஒட்டுவது

குளிருக்கு எலி வந்து தங்கும். ஒயரைக் கடிக்கும்.

எர்த் பாயிண்ட் மேல் பெயிண்ட்

பாடியிலும் எஞ்சினிலும் எர்த் ஒயர் போல்ட் போட்ட இடம் வெறும் இரும்பாகத்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றி, அழகாகப் பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முறுக்கினால் கரண்ட் ஒழுங்காகத் திரும்பாது. பகலில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, உறைபனி விழும் டிசம்பர், ஜனவரிக் காலையில் ஆயில் கெட்டியாகி, பேட்டரியும் சோர்ந்திருக்கும்போது டக் டக் என்று மட்டும் சொல்லும். உடனே பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் அந்தப் போல்ட்டைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிப் பாருங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே அந்த இடங்களில் டேப் ஒட்டிவிட்டால் இந்த வேலையும் இருக்காது.