காயலான் கடை இரும்பில் கத்தி செய்யும்போது எங்கே சறுக்குகிறது?

புதுத் தகடு வாங்கிக் கத்தி செய்தால், அது என்ன எஃகு, எவ்வளவு சூடாக்க வேண்டும், எதில் தோய்க்க வேண்டும் என்பதெல்லாம் விற்பவரிடமே கேட்டுக்கொள்ளலாம். காயலான் கடையில் எடை போட்டு வாங்கும் இரும்புக்கு அப்படி ஜாதகம் எதுவும் கிடையாது. பழைய பொருளில் செய்த கத்தி கெட்டுப்போனால் பலரும் தங்கள் கைத்திறனைத்தான் நொந்துகொள்கிறார்கள். ஆனால் கையில் இருப்பது என்ன உலோகம் என்று பார்க்காமலே வேலையை ஆரம்பித்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

முதல் பலி கட்டடக் கம்பி. கனமாக, உறுதியாக இருக்கிறதே, தட்டினால் கத்தியாகிவிடும் என்று தோன்றும். அதில் கார்பன் ஏறக்குறைய 0.3 சதவீதத்துக்குள்தான் இருக்கும். எத்தனை முறை பழுக்கக் காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்கும் அளவுக்குக் கெட்டிப்படாது. ஜன்னல் கம்பி, கேட் பட்டை, ஆங்கிள் எல்லாம் இதே வகைதான். நம் கொல்லர் பட்டறைகளில் அரிவாளுக்கு லாரிப் பட்டையை, அதாவது லாரியின் ஸ்பிரிங் பட்டையை, தேடி வாங்குவது சும்மா இல்லை. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். நல்ல அரத்தில் 1 சதவீதத்தையே தாண்டும்.

அரம் என்றாலே நல்லது என்றும் நம்பிவிடக் கூடாது. மலிவான சில அரங்களில் மேல்தோல் மட்டுமே கெட்டி, உள்ளே சாதா இரும்பு. கிரைண்டரில் தொட்டுப் பாருங்கள். சாதா இரும்பின் பொறி நீளமாக, நேராக ஓடி அடங்கும். கார்பன் கூடிய எஃகின் பொறி நுனியில் கிளைகிளையாக வெடித்துச் சிதறும். மேற்பரப்பை மட்டும் தொட்டுவிட்டு முடிவு செய்யாமல், கொஞ்சம் உள்ளே இறங்கியும் அதே பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு. பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுவது இதைத்தான். அதே இரும்பில் விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, வைஸில் கடித்து, மேலே கனத்த துணியைப் போட்டுச் சுத்தியலால் ஒரு அடி. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும். துண்டு வளைந்தால் அந்த இரும்பு கத்திக்கு ஆகாது. பட்டென்று முறிந்தால் முறிந்த முகத்தைப் பாருங்கள். மிருதுவான சாம்பல் நிறத்தில், மணிகளே தெரியாமல் இருந்தால் பதம் சரி. சர்க்கரை கொட்டியது போல மினுமினுத்தால் சூடு கூடிவிட்டது. ஒரு துண்டு இரும்போடு போகும் இந்தத் தவறு, பிடி போட்டு முடித்த கத்தியில் தெரிந்தால் எப்படி இருக்கும்?

லாரிப் பட்டையில் வேறொரு சிக்கல். பல வருடம் குலுங்கி ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கலாம். முறிந்துபோன பட்டை என்றால் முறிவுக்குப் பக்கத்துப் பகுதியைத் தொடவே வேண்டாம். நடுத் துளையைச் சுற்றிய இடமும் அப்படித்தான்.

இரும்பறுக்கும் ஆக்சா பிளேடு விஷயத்திலும் குழப்பம் நிறைய. இன்று கிடைக்கும் கைரம்ப பிளேடுகளில் பலவற்றில் பல் மட்டும்தான் கெட்டி எஃகு, முதுகு வேறு உலோகம். பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கத்தி செய்தால் நல்ல பாகத்தையே தூக்கிப்போட்டதாக ஆகும். மின்சாரத்தில் ஓடும் பவர் ஆக்சாவின் பழைய தடித்த பிளேடு, வெட்டுக் கருவிகளுக்கான ஹைஸ்பீடு எஃகாக இருந்தால் அதை அப்படியே சாணை பிடித்து வடிவமைக்கலாம், உலையில் வைக்கக் கூடாது. அதைத் திரும்பக் கெட்டிப்படுத்த 1200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். வீட்டு உலைக்கு அது எட்டாது.

உலைக்குள் போகவே கூடாத பொருட்களும் உண்டு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய், போல்ட், வாஷர் எல்லாம் சூடானால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பரை மூடியபடியே நெருப்பில் வைத்தால் வெடிக்கும்.

சரி, இரும்பு தேறிவிட்டது. அடுத்து சூடு. பட்டப்பகலில் வெட்ட வெளியில் உலை போட்டால் செம்மையின் அளவு கண்ணுக்குத் தெரியாது. போதாது போதாது என்று காய்ச்சிக்கொண்டே போய், கடைசியில் கூடுதலாகக் காய்ந்துவிடும். நிழலில் செய்யுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதைவிட ஒரு சாயல் கூடச் சிவந்ததும் எண்ணெய்க்குள் இறக்கிவிட வேண்டும்.

எண்ணெயா தண்ணீரா என்று கேட்டால், அரத்துக்கும் பட்டைக்கும் எண்ணெய்தான் பாதுகாப்பு. தண்ணீரில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் கதை முடிந்தது, விரிசல் விழுந்துவிட்டது. கழிவு இன்ஜின் ஆயில் ஓசியில் கிடைக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், புகை நச்சு. கடலை எண்ணெய் போதும். ஜில்லென்று இருந்தால்தான் நன்றாகக் குளிர்விக்கும் என்று நினைப்பதும் தப்பு. 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெய் இளகி ஓடி, கத்தியை இன்னும் வேகமாகக் குளிர்விக்கும். மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் வையுங்கள், தீப்பிடித்தால் மூடிவிடலாம். கத்தியை நேர்குத்தாக இறக்குங்கள். உள்ளே பக்கவாட்டில் ஆட்டினால் கோணும்.

தோய்த்த கத்தி கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. அன்றே ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறியதும் இன்னொரு முறை. ஓவனின் முள்ளை நம்பாமல் தனி தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். கரியைத் தேய்த்து எடுத்த இடத்தில் வெளிர் வைக்கோல் நிறம் படர்ந்தால் பதம் வந்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்டுவிட்டு, கடைசிச் சாணையில் கோட்டை விடுபவர்கள் அதிகம். கூர் ஓரத்தில் நீலம் பாய்ந்தால் அந்த இடம் சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, பதம் போய்விட்டது. நீலத்தைத் தேய்த்து மறைக்கலாம், கெட்டித்தன்மை திரும்பாது. வெறும் விரலால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனையுங்கள். விரல் பொறுக்காத சூடு வந்தால் நிறுத்திவிடுவீர்கள்.

பிடிக்கு உடைந்த நாற்காலியின் தேக்கு தாராளம். ஈர மரம் மட்டும் வேண்டாம், காய்ந்ததும் ஆடும். பிடிக்குள் போகும் வால்பகுதி அலகோடு சேரும் மூலையைச் சதுரமாக வெட்டாமல், வட்ட அரத்தால் வளைத்து விடுங்கள். முறிந்தால் அங்கேதான் முறியும். அளவிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில்துறை ஆகியவற்றுக்கான கத்திகளைத் தவிர, அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் இந்திய ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும்.

உறைக்குப் பழைய கைப்பையை வெட்டுவதுதான் வழக்கம். அதில் பாதி ரெக்சின். மீதி பெரும்பாலும் குரோம் பதனிட்ட தோல். ஈரம் பட்டால் குரோம் தோலின் உப்புகள் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும், ஈரத்தில் வடிவம் கொடுத்தாலும் நிற்காது. வெட்டிய ஓரத்தின் நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். நடுவிலும் பழுப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை உறிஞ்சிக் கறுத்தால் மரப்பட்டையில் பதனிட்டதாக இருக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் மதராஸ் மாகாணத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறிய சரக்கு. பழைய தடித்த பெல்ட்டில் இந்த வகைத் தோல் அகப்பட வாய்ப்புண்டு.

உறையின் இரண்டு பக்கத் தோலையும் நேரடியாக ஒட்டித் தைக்காதீர்கள். கத்தியை இழுக்க இழுக்கக் கூர் தையலை அறுத்துவிடும், ஒருநாள் உறையின் ஓரம் பிளந்து விரல் போகும். அலகின் தடிமனுக்கு ஒரு தோல் பட்டையை நடுவில் கொடுத்து, மூன்று அடுக்காகக் குத்தூசியால் துளை போட்டுத் தையுங்கள். இடுப்பு வாருக்கான வளையத்தை உறையை மூடுவதற்கு முன்பே பொருத்திவிட வேண்டும். மூடிய பிறகு ஊசி உள்ளே போகாது. நனைத்து வடிவம் பிடிக்கும்போது கத்தியைப் பாலிதீன் தாளில் சுற்றி நுழையுங்கள், வெயிலில் காயவைக்காமல் நிழலில் வையுங்கள்.

பி.வி.சி. குழாயில் உறை செய்வதும் சுலபம்தான். ஆனால் அதை நேரடித் தீயில் காட்டினால் மூச்சை எரிக்கும் அமிலப் புகை வரும். கொதிக்கும் தண்ணீரில் போட்டாலே வளைகிற பக்குவத்துக்கு இளகிவிடும். தோல் போல அது ஈரத்தை உறிஞ்சாது என்பதால், அடியில் ஒரு துளை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.