குட்டித் தேனீக்கு வரவேற்பு: தேனீ தீமில் பேபி ஷவர் நடத்துவது எப்படி?

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டாலும் மஞ்சள் நிறம் பொருந்தும். தேனும் தேனடையும் பார்த்ததும் மனதில் ஒரு கதகதப்பு வரும். இந்த தீமைப் பலரும் விரும்புவது அதனால்தான். முதல்முறை செய்பவர்கள் தேனீப் படம் போட்ட தட்டு, டம்ளர், நாப்கின், தோரணம் என்று எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பார்கள். கடைசியில் கண் எதிலும் நிலைக்காது. தேனீ குறைவாகவும் தேனடை அதிகமாகவும் இருக்கட்டும். கீழே உள்ள அளவுகள் 25 விருந்தினருக்கானவை.

1. தேதியும் அழைப்பும்

கர்ப்பத்தின் 28 முதல் 34 வாரத்துக்குள் நடத்துவது நல்லது. அதற்குப் பிறகு தாய்க்கு நெடுநேரம் உட்கார்வதே சிரமம், பிரசவமும் முந்தலாம். இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்னதாக வையுங்கள். நிகழ்ச்சி இரண்டரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

அழைப்பு 4 வாரம் முன்பு போகட்டும். வருவதை 10 நாளுக்கு முன்பே உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். தேனீக் கடி, தேன், பலூன் ரப்பர் இவற்றில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்ற கேள்வியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத் தேனீச் சிலேடைகளை எழுத்து மாற்றிப் போட்டால் தமிழில் ஒட்டாது. "எங்கள் கூட்டுக்கு ஒரு குட்டித் தேனீ வருகிறது" என்ற வரியே அழகு.

2. நிறம்

பத்துப் பங்கில் ஆறு வெள்ளை அல்லது கிரீம், மூன்று தேன் மஞ்சள், ஒன்று கறுப்பு. மஞ்சளும் கறுப்பும் சரிபாதியாக வந்தால் அது குளவி நிறம், சாலையில் கட்டும் எச்சரிக்கை நாடாவின் நிறம். எலுமிச்சை மஞ்சள் வேண்டாம், குழல் விளக்கில் பச்சை அடிக்கும். வாங்குவதற்கு முன் ஒரு துண்டுத் தாளை நிகழ்ச்சி நடக்கும் இடத்தின் விளக்கிலேயே வைத்துப் பாருங்கள்.

3. தேனடைச் சுவர்

அலங்காரத்தில் அதிக நேரத்தை இதற்கே கொடுங்கள், எல்லாப் படங்களிலும் பின்னணியாக இருக்கப்போவது இதுதான்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) அட்டையில் கவராயத்தால் 10 செ.மீ. ஆரத்துக்கு வட்டம் போடுங்கள். கவராயத்தின் விரிவை மாற்றாமல் வட்டத்தின் மேல் ஆறு புள்ளிகள் குறித்து, அவற்றைக் கோட்டால் இணைத்தால் 10 செ.மீ. பக்கமுள்ள அறுகோணம் கிடைக்கும். ஆறாவது புள்ளியிலிருந்து வைக்கும் குறி முதல் புள்ளியில் விழாவிட்டால் கவராயம் நழுவிவிட்டது என்று பொருள். மறுபடி போடுங்கள். அந்த ஒன்றே உங்கள் அச்சு அட்டை. மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே வரையுங்கள். வெட்டிய நகலை வைத்து அடுத்ததை வரைந்தால் ஒவ்வொரு முறையும் பென்சில் தடிப்பளவு வளரும், சுவரில் ஒட்டும்போது இடைவெளியாகத் தெரியும்.

1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமுள்ள இடத்தை முழுக்க மூட 60 அறுகோணமாவது வேண்டும். அத்தனை தேவையில்லை. தேனீக்கள் மேலிருந்து கீழாகத்தான் அடை கட்டும். அதே போல மேலே நெருக்கமாகத் தொடங்கி, கீழே போகப் போகக் கலைந்து முடியும்படி ஒட்டினால் 30 போதும். முழுச் சுவரைவிட உயிரோட்டமாகவும் இருக்கும்.

கூர்முனை மேலே வரட்டும். முதல் வரிசையை நூல் பிடித்து ஒட்டுங்கள், அது சாய்ந்தால் மொத்தமும் சாயும். அடுத்த வரிசையின் மையம் 15 செ.மீ. கீழேயும் 8.66 செ.மீ. பக்கவாட்டிலும் தள்ளி விழ வேண்டும். ஏழெட்டு அறுகோணங்களுக்குப் பின்னால் 1 செ.மீ. தடிப்பில் தெர்மோகோல் துண்டு வைத்து ஒட்டினால் நிழல் விழுந்து ஆழம் தெரியும். டேப்பைச் சுவரின் மூலையில் முதல்நாளே ஒட்டி, பெயின்ட் உரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதன்மேல் ஐந்தாறு காகிதத் தேனீக்கள், அதற்கு மேல் வேண்டாம். தேனீக்கு இறக்கை நான்கு. பலரும் இரண்டே வைக்கிறார்கள், அது ஈயாகிவிடும். இறக்கைக்கு டிரேசிங் பேப்பர் பொருத்தம்.

4. பலூன் மாலை

3 மீட்டர் மாலைக்கு 5 அங்குலப் பலூன் 60, 10 அங்குலம் 40, 18 அங்குலம் 6. உடைவதற்கென்று பத்துப் பன்னிரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஹீலியம் தேவையில்லை, கைப் பம்ப் போதும். கறுப்பில் 5 அங்குலம் மட்டும், அதுவும் பத்து.

10 அங்குலப் பலூனை 9 அங்குலம் வரை ஊதினால் போதும். பேரிக்காய் வடிவம் வந்துவிட்டால் காற்று அதிகம், தொட்டால் வெடிக்கும். அட்டையில் 9 அங்குல ஓட்டை வெட்டி, ஒவ்வொன்றையும் அதில் நுழைத்துப் பார்த்தால் அளவு ஒன்றுபோல வரும். இரண்டிரண்டாக முடிச்சிட்டு, இரு ஜோடிகளைப் பின்னி நான்காக்கி, தூண்டில் நரம்பில் கோத்துக்கொண்டே போங்கள். இடைவெளிகளில் சின்னப் பலூன்களைச் செருகுங்கள்.

உள்ளரங்கம் என்றால் முந்தின இரவே கட்டலாம். வெளியிடத்தில் அன்று காலை, நிழலில்தான் கட்ட வேண்டும். குளிர்ந்த அறையில் ஊதியதை வெயிலுக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெடிக்கும். வெப்பத்தை அதிகம் இழுக்கும் கறுப்புதான் முதலில் போகும்.

5. கேக்

பட்டர்கிரீமுக்கு நிறத்தை முந்தின நாளே சேருங்கள். சில மணி நேரத்தில் நிறம் தானாகக் கூடும், அதனால் மஞ்சளை வேண்டியதற்கு ஒரு படி வெளிறலாக நிறுத்திவிடுங்கள். வெள்ளைக் கிரீமைக் கறுப்பாக்க ஏராளமான சாயம் வேண்டும். கசக்கும், பல்லும் உதடும் கறுத்து எல்லாப் படங்களிலும் தெரியும். கோகோ சேர்த்த கிரீமில் கொஞ்சம் கறுப்பு ஜெல் கலந்து ஓர் இரவு வைத்தால் நல்ல கறுப்பு வரும். திரவச் சாயம் கிரீமை இளக்கிவிடும், ஜெல்லே வாங்குங்கள். பச்சை முட்டை சேர்த்த மூஸ், பாஸ்டுரைஸ் செய்யாத பாலில் செய்த சீஸ் இரண்டும் கர்ப்பிணிக்கு ஆகாது.

6. தேன் குப்பி

விருந்தினருக்குக் கொடுத்தனுப்ப இதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை. 50 மி.லி. குப்பியில் மேலே சிறிது இடம் விட்டு ஊற்றினால் சுமார் 65 கிராம் பிடிக்கும். மூன்று உபரியோடு 28 குப்பிக்கு 2 கிலோ தேன் வாங்குங்கள்.

குப்பிகளைக் கழுவி முழுக்க உலர விடுங்கள். ஈரம் சேர்ந்தால் தேன் புளித்துவிடும். லேபிளை ஊற்றுவதற்கு முன்பே ஒட்டுங்கள், தேன் வழிந்த கண்ணாடியில் எதுவும் ஒட்டாது. தேன் உறைந்திருந்தால் அது கலப்படம் என்று நினைக்க வேண்டாம், குளுக்கோஸ் படிகமாவதால் அப்படி ஆகிறது. 40 டிகிரி வெந்நீரில் பாத்திரத்தை அரை மணி நேரம் வைத்தால் இளகும். அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

"ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது" என்ற வரி லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டும். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை வளர்வதில்லை. கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து, நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். அடுப்புச் சூட்டுக்கும் அந்த வித்துகள் சாவதில்லை. அதனால் தேன் சேர்த்த கேக்கையும் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணி தேன் சாப்பிடுவதில் இந்தப் பயம் இல்லை.

7. விளையாட்டு

தாய் எழுந்து ஓட வேண்டாத விளையாட்டு இரண்டு போதும். முதலாவது வினாடி வினா. முட்டையிலிருந்து முழுத் தேனீயாக ராணிக்கு 16 நாள், பணித்தேனீக்கு 21, ஆண் தேனீக்கு 24. ஒரு பணித்தேனீ ஆயுள் முழுக்கச் சேர்ப்பது தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் என்று சொல்லிப் பாருங்கள், கையிலிருக்கும் குப்பியை எல்லோரும் ஒருமுறை பார்ப்பார்கள்.

இரண்டாவது தேனீ நடனம். பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீ நடனமாடித் தெரிவிக்கிறது என்று விளக்கிய கார்ல் ஃபான் ஃப்ரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். ஒரு குட்டிக் காலுறையை ஒளித்து வையுங்கள். இடம் தெரிந்தவர் பேசாமல் அந்தத் திசையில் இடுப்பை அசைத்து நடக்க வேண்டும். எத்தனை விநாடி அசைக்கிறாரோ அத்தனை அடி தூரம். மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

8. அன்றைய தினம்

வெளியிடம் என்றால் இனிப்பைத் தேடி நிஜத் தேனீயும் வரும். பானங்களுக்கு மூடியுள்ள டம்ளரும் உறிஞ்சு குழலும் வையுங்கள், திறந்த டம்ளரில் விழுந்த தேனீ வாயில் கொட்டிவிடக்கூடும். விரட்டக் கையை வீசாமல் விலகி நின்றால் அது போய்விடும். கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே சுரண்டி எடுங்கள். நாக்கோ முகமோ வீங்கினாலும் மூச்சு திணறினாலும் காத்திருக்காமல் அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.

சிறு குழந்தைகள் வந்திருந்தால், பலூன் உடைந்த நொடியே துண்டுகளைப் பொறுக்க ஒருவரை நியமியுங்கள். அந்த ரப்பர் துண்டு தொண்டையில் ஒட்டினால் மூச்சை அடைத்துவிடும்.