அஸ்தியை ஊர்க் கடலில் கரைக்க: காசிமேட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

வடசென்னையிலிருந்து இங்கே வெளிநாட்டில் குடியேறி, கணவரையோ மனைவியையோ இழந்தவர்கள் முதலில் கேட்பது, "நம்ம கடல்லயே கரைக்க முடியுமா?" முடியும். அவசரம் மட்டும் வேண்டாம். பதினாறாம் நாளுக்குள் கரைத்தாக வேண்டும் என்று ஊரிலிருந்து போன் வரும். காரியத்தைப் படம் வைத்து அந்த நாளிலேயே செய்துவிடலாம். கூடப் பழகியவர்கள் வந்து சேரும் நாள்வரை அஸ்தி காத்திருக்கும்.

வடசென்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் பானையில் பொறுக்கித் தரும் எலும்பு மாதிரி இருக்காது. இங்கே எலும்பை இயந்திரத்தில் அரைத்துவிடுகிறார்கள். வெளிர் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பான மணல் போல, 2 முதல் 3 கிலோ இருக்கும். அந்தக் கனத்தைக் கையில் வாங்கும்போது பலர் உடைந்துபோவார்கள். தனியாகப் போகாதீர்கள்.

பித்தளைச் செம்பில் வைத்து எடுத்துப்போக வேண்டாம். எக்ஸ்ரே ஊடுருவாத பாத்திரத்தைச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். மெல்லிய மரப்பெட்டியோ கெட்டி அட்டைக் குழாயோ போதும், கைப்பையிலேயே வைக்கலாம். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், இறந்தவரின் ரத்தான பாஸ்போர்ட், இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் வேண்டும். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், இறப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருக்கும். பதியும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

கத்தோலிக்கக் குடும்பமென்றால் முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். தகனத்தைத் திருச்சபை ஏற்கிறது, சாம்பலைத் தூவுவதை ஏற்பதில்லை. 2016-இல் வத்திக்கான் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஃபைபர் படகு பேசிக்கொள்ளுங்கள். ஞாயிறு வேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் நிற்க இடமிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், ஃபைபர் படகுக்கு இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும், அப்போது நாள் குறிக்காதீர்கள். விடியற்காலையே நல்ல நேரம். அப்போது பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். பத்து, பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று திரும்பினால் சாம்பல் முகத்திலேயே வந்து அடிக்கும். எண்ணூர் விரைவுச் சாலையோரக் கருங்கற்களில் இறங்கிக் கரைக்கலாம் என்பார்கள். கூடாது. பாசி வழுக்கும், அலை தூவியதைக் கல்லிடுக்கிலேயே திணித்துவிடும்.

படகில் ஏறியதும் எல்லாரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லாரும் ஒரே பக்கமாக நில்லாமல், காற்று முதுகில் படும்படி இரண்டிரண்டு பேராக விளிம்புக்கு வாருங்கள். எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். பெட்டிக்குள் அஸ்தி இருக்கும் பை இறுகக் கட்டியிருக்கும், அதை வெட்டக் கத்தரிக்கோலை ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். சில நாடுகளில் பைக்குள் எண் பொறித்த சிறு உலோக வில்லை இருக்கும். முதலில் அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

முதல் கைப்பிடி வாழ்க்கைத்துணையுடையது. பெண் படகேறக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கூடவே வாழ்ந்தவர் அவர். பிறகு நண்பர்கள் ஆளுக்கொரு காகிதக் கப்பில் எடுத்துக்கொள்ளட்டும். உயரத்திலிருந்து வீசாமல், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். மணல் போன்றது உடனே இறங்கிவிடும், மாவு போன்றது பால் கலந்தாற்போல வெள்ளையாகச் சற்று நேரம் மிதந்து விலகும். அது மறையும்வரை எஞ்சினைப் போடச் சொல்லாதீர்கள். பூவை உதிரியாகத்தான் போட வேண்டும். சரத்தின் நூல் வலையில் சிக்கும், ஆமைக்கும் ஆபத்து. கடைசியில் பைக்குள் கடல் தண்ணீரை மொண்டு இரண்டு முறை அலசி ஊற்றுங்கள். கப்புகளும் காலிப் பையும் உங்களோடு கரைக்குத் திரும்பட்டும்.