தனி ஆளாகப் பாடும் ராக் பாடகரை மண்டபத்தில் வீடியோ எடுப்பது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ராக் கச்சேரி வைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கையில் கிடைப்பது கல்யாண மண்டபம்தான். அங்கே ஒரே ஆள், ஒரு கிட்டார், ஒரு மைக் என்று நடக்கும் கச்சேரியைப் படம் பிடிப்பதும் ரிசப்ஷன் வீடியோ எடுப்பதும் ஒன்றில்லை. பேண்ட் என்றால் சலிப்புத் தட்டும்போது டிரம்மர் பக்கம் கேமராவைத் திருப்பிக்கொள்ளலாம், இங்கே ஒன்றரை மணி நேரமும் ஒரே முகம்தான். அந்த முகத்தை நம்பிக் கேமராவை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் சவுண்ட். படம் கொஞ்சம் மங்கினால்கூடப் பார்ப்பார்கள், குரல் உடைந்து கரகரத்தால் உடனே தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் முந்தின நாளே பேசிவிடுங்கள். மிக்சரிலிருந்து சத்தத்தைத் தனியாக வெளியே எடுக்கும் ரெக்கார்ட் அவுட் அல்லது ஆக்ஸ் அவுட் ஒன்று உங்களுக்கு வேண்டும், அதில் எக்கோ இருக்கக் கூடாது. "எக்கோ இல்லாம எப்படி தம்பி, மொட்டையா இருக்குமே" என்பார். "ஹாலுக்கு எவ்வளவு வேணும்னாலும் போடுங்கண்ணே, எனக்கு வர்ற லைன்ல மட்டும் வேணாம்" என்று சொல்லுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கிற மண்டபம் ஏற்கெனவே எதிரொலிக்கும். எடிட்டிங்கில் எக்கோவைச் சேர்த்துவிடலாம், பதிவோடு கலந்துவிட்டதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது நடக்காத காரியம். அந்த லைனை ரெக்கார்டரில் செருகும்போது இன்புட் 'லைன்' என்று இருக்கிறதா பாருங்கள், 'மைக்' என்று இருந்தால் எல்லாமே வெடித்துக் கேட்கும்.

ராக் குரலில் இன்னொரு சிக்கல். ஒரு வரி முணுமுணுப்பாக வரும், அடுத்த வரி தொண்டை கிழியக் கத்தலாக வரும். சவுண்ட் செக்கில் யாருமே முழுக் குரலில் பாட மாட்டார்கள். அதனால் ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் வைத்து, சவுண்ட் செக்கில் மீட்டரின் உச்சமே மைனஸ் 18 டெசிபெல்லைத் தாண்டாதபடி லெவலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முணுமுணுப்பையும் கத்தலையும் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாடகைக்குக் கிடைத்தால் லெவல் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

மிக்சர் லைனில் மட்டும் எடுத்தால் கைதட்டல் எங்கோ தூரத்தில் கேட்கும், கச்சேரி உயிரில்லாமல் இருக்கும். அதனால் கூட்டத்துக்கு நடுவே இரண்டாவது ரெக்கார்டர் ஒன்று. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால், மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்த ரெக்கார்டரில் குரல் கிட்டத்தட்ட 60 மில்லி வினாடி தாமதமாகப் பதிவாகும். 25 ஃப்ரேம் வீடியோவில் இது ஒன்றரை ஃப்ரேம். எடிட்டிங்கில் அதை முன்னே இழுத்து மிக்சர் டிராக்கோடு பொருத்துங்கள். அப்புறம் மேடைக்கு மேலே சுற்றும் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள், பாடகர் நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் அந்த டக் டக் சத்தம்தான் முதலில் கேட்கும். ரெக்கார்டர் பேட்டரியில் ஓடட்டும், கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் இடைவெளியில் மிக்சர் செத்தாலும் ஹாலில் வைத்த ரெக்கார்டரிலாவது பாட்டு இருக்கும்.

லைட் விஷயத்தில் ஒரே வேண்டுகோள்: முகத்துக்கு நேராக வெதுவெதுப்பான வெள்ளை லைட் ஒன்று. நீலமும் சிவப்பும் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், முகத்தில் அடித்தால் கண் எது மூக்கு எது என்றே தெரியாமல் ஒரே நிறத் திட்டாகிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், லைட்டின் துடிப்பு படத்தில் வரி வரியாகத் தெரியாமலிருக்க ஷட்டர் 1/50 அல்லது 1/100 வினாடி. மலிவான எல்இடி மேடை லைட்டுகளை டிம் செய்தால் அப்போதும் வரி வரியாக ஓடும், முன்கூட்டியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். போன் என்றால் எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்து ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஐபோனில் 4கே, 30 ஃப்ரேம், ஹெச்இவிசி என்ற சுருக்கிச் சேமிக்கும் முறையில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகும், ஒன்றரை மணி நேரத்துக்கு 15 ஜிபிக்கு மேல். பழைய கேமராக்களில் பல 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிடும், பாட்டுக்கு நடுவில் நிற்காதபடி முன்னதாகவே நிறுத்தித் திரும்ப ஓட விடுங்கள்.

மூன்று கேமரா போதும். ஒன்று ஹாலின் பின்னால், தலைகளுக்கு மேலே வரும்படி ஸ்டூலில் ஏற்றி, கடைசிவரை தொடக் கூடாது. மூன்றாவது மேடை ஓரத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்து, ஆனால் படம் பிடிக்கிறோம் என்று முன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்பவர்கள் பின்னால் உட்காரட்டும். முக்கியமானது இரண்டாவது, முகத்துக்கான கேமரா. மைக் ஸ்டாண்டின் கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள், இல்லாவிட்டால் வாய் முழுக்க மைக்தான். 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் அமெரிக்க ராக் பேண்ட் நிர்வானா எம்டிவிக்காக வாசித்த அன்பிளக்டு கச்சேரியில், கடைசிப் பாட்டின் கடைசி வரிக்கு நடுவில் அதன் பாடகர் கர்ட் கோபேன் மூச்சை இழுத்துச் சட்டென்று கண்ணைத் திறப்பார். கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் கேமரா முகத்தின் மேல் நின்றதால் அது கிடைத்தது. ஆகவே குரல் நடுங்கும்போது ஜூம் செய்யாதீர்கள், நகராதீர்கள், பாட்டு முடிந்ததும் நிறுத்தாதீர்கள். உங்கள் பாடகர் கிட்டார் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டே அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுவார், பாட்டைவிட அது நன்றாக இருக்கும்.

எடிட்டிங்கை டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே முடித்துவிடலாம், ஒலி அலையை வைத்து மூன்று கேமராவையும் அதுவே பொருத்திவிடும். தாளத்துக்குத் தாளம் வெட்டுவது, ஸ்லோமோஷன், பறக்கிற பூ இதெல்லாம் கல்யாண ஆல்பத்தோடு நிற்கட்டும். ஒரே ஷாட் ஒரு நிமிடம் ஓடினாலும் ஓடட்டும். கைதட்டலுக்கு முந்தின மௌனத்தைக் குறைக்காதீர்கள், சுருதி விலகிய இடத்தை மென்பொருள் வைத்துச் சரிசெய்யாதீர்கள். பாடகர் அழுத இடம் இருந்தால் வெளியிடுவதற்கு முன் அந்தப் பகுதியைத் தனியாக அவருக்கு அனுப்பிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் ஹாலின் பின்னால் வைத்த கேமராவின் ஷாட்டை அங்கே வைத்துவிடலாம். அடுத்தவர் பாட்டைப் பாடியிருந்தால் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வரலாம், அதனால் சொந்தப் பாட்டுகளைத் தனித்தனி வீடியோவாக ஏற்றுங்கள்.