வீடற்ற இளையோருக்குப் பொருள் சேகரிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடில்லாத இளையோருக்காக மாணவர்களும் தன்னார்வ இளைஞர்களும் பொருள் திரட்டினால் பெட்டிகள் மளமளவென்று நிரம்பிவிடும். நிரம்பியதில் எவ்வளவு பயன்படும் என்பது வேறு கணக்கு.

பெரிய தவறு, பொருள் போய்ச் சேர வேண்டிய காப்பகத்தைக் கேட்காமலே சேகரிக்கத் தொடங்குவது. எந்த வயதினர் இருக்கிறார்கள், எந்த அளவு உடை வேண்டும், எது ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது என்பதெல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். சவர பிளேடையும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷையும் உள்ளே அனுமதிக்காத காப்பகங்கள் உண்டு.

சிலர் இதை வீட்டு அலமாரியை ஒழிக்கும் சந்தர்ப்பமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜிப் அறுந்த பையையும் பாதி தீர்ந்த ஷாம்புவையும் தரம் பிரிப்பது காப்பக ஊழியர்களின் தலையில்தான் விழும். காலுறையும் உள்ளாடையும் புதிதாகவே இருக்க வேண்டும். அதிகம் தேவைப்படுபவையும் குறைவாக வந்து சேர்பவையும் இவைதான். ஈரக் காலுறையோடு நாள் முழுக்க நடந்தால் தோல் ஊறிப் புண்ணாகும். ஒரு ஜோடி உலர்ந்த காலுறை அங்கே மருந்துக்குச் சமம். சானிட்டரி நாப்கினைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு விட்டுவிடும் குழுக்களும் இருக்கின்றன. கூச்சம் நமக்கு, அவதி அவர்களுக்கு.

தங்க இடமில்லாதவர் தன் உடைமை அனைத்தையும் தோளில் சுமக்கிறார். அவருக்குப் போய் ஒரு லிட்டர் ஷாம்பு பாட்டில் எதற்கு? டின் உணவு கொடுத்தால், திறப்பான் இல்லாமலே திறக்கக்கூடியதாகப் பாருங்கள். வாசனை சோப்பையும் பிஸ்கட்டையும் ஒரே உறையில் போட்டால் பிஸ்கட் முழுக்கச் சோப்பு மணக்கும். சான்றிதழ்கள் நனையாமல் வைக்க ஒரு சிறு உறை, செல்போன் சார்ஜர் ஆகியவை பலருக்குத் தோன்றுவதே இல்லை. வேலைக்கான அழைப்பு அந்தப் போனில்தானே வர வேண்டும்?

எனக்குக் கோபம் வருவது படம் எடுக்கும் பழக்கத்தைப் பார்த்தால்தான். அடி உதை தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறியவரின் முகம் இணையத்தில் வந்தால், அவரைத் தேடுகிறவருக்கு நாமே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 16ஆவது பிரிவில், சிறாரின் அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. படம் வேண்டுமென்றால் அடுக்கிய பெட்டிகளை எடுங்கள். குழுவின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்த பையும் வேண்டாம். அதைச் சுமந்து போகிறவர் யாரென்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

தெருவில் படுத்திருப்பவர் மட்டுமே வீடற்றவர் என்றும் எண்ண வேண்டாம். இன்று ஒரு நண்பர் வீடு, நாளை இன்னொருவர் வீடு என்று ஒண்டிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் கண்ணில் படுவதே இல்லை. அவர்களைப் பள்ளி ஆலோசகர்கள் வழியாக எட்டலாம்.

பண்டிகைக் காலத்தில் குவியும் பொருட்கள் அடுத்த சில மாதங்களில் தீர்ந்துவிடும். எந்த மாதத்தில் கையிருப்பு குறையும் என்று காப்பகத்திடமே கேட்டு, சேகரிப்பை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.